ஒன்பதாம் மாடிக் கீறலும் என் சட்ட விண்ணப்பமும்

முப்பத்திரண்டு வயதில் எனக்குப் பணி ஓய்வு விருந்து வைத்தார்கள். ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் எங்கள் பட்டறையின் பின்பக்கம், கழற்றிப் போட்ட லிப்ட் கதவுகளைச் சாய்த்து வைத்திருக்கும் இடத்தில் மேசை போட்டுக் கேக் வெட்டினோம். கேக்கின் மேல் ‘இனிய பணி ஓய்வு’ என்று எழுதியிருந்தது. எனக்கு அடுத்த நிலையில் வேலை பார்த்த பிரவின்தான் கேக்குக்குச் சொன்னவன். ஏன் அப்படி எழுதச் சொன்னாய் என்று கேட்டேன்.

“ரிசைன்னு போட்டா சண்டை போட்டுப் போற மாதிரி இருக்கு மிஸ். ரிட்டயர்னா ஒரு மரியாதை இருக்குலா.”

அந்தக் கணக்கில் நான் இப்போது ஓய்வு பெற்றவள். லிப்ட் பராமரிப்புத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்று, சட்டம் படிக்கும் மாணவி. சென்ற வாரம் பிரவின் தன் பகுதிநேர மேற்படிப்பு விண்ணப்பத்துக்காக, ஏன் படிக்க விரும்புகிறான் என்று எழுதிய தன்விளக்கக் கட்டுரையை எனக்கு அனுப்பி, “மிஸ், படிச்சிட்டுக் கருத்து சொல்லுங்க. உங்களோடதை யார் யார் படிச்சுச் சொன்னாங்க, நீங்க என்ன மாத்துனீங்க, அதையும் சொல்லுங்க” என்று கேட்டிருந்தான். வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன். அது நீண்டுவிட்டது. பட்டறையின் மற்ற இளையவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

என் வேலைக் காலத்தைப் பற்றிச் சுருக்கமாக. கிள்ளானில் வளர்ந்தேன், இயந்திரப் பொறியியல் படித்தேன், முடித்ததும் இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடங்கள் எண்ணெய்க் கறை, தூசு, இறுகிய போல்ட்டுகள். கேபிள் எது, கம்பி எது, யாரை அண்ணே என்று கூப்பிடுவது, எந்த நிர்வாக அலுவலகத்தில் சாவி கேட்டால் கோப்பியும் தருவார்கள் என்பதெல்லாம் அப்போது தெரிந்துகொண்டவை. மூன்றாம் வருடம் என்னை ஐசக் சாரின் குழுவில் போட்டார்கள். அதன் பிறகுதான் வேலை தெரியத் தொடங்கியது.

ஐசக் சாரை எல்லோரும் போஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். செந்தூல் ரயில்வே குடும்பம், மெதடிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடுகிறவர் திங்கட்கிழமை எங்களிடம் அந்தக் குரலில் கால்வாசியைக்கூடப் பயன்படுத்த மாட்டார். அவரிடம் ஒரு பழக்கம். எந்தப் பணி அறிக்கையைக் கொடுத்தாலும் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பார். லிப்ட் ஓடுகிறதா, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்பது அந்த வரியில்தான் இருக்கும். ஒருவர் எவ்வளவு அழகாகப் பழுதை விளக்கியிருந்தாலும், கடைசி வரியில் நிலை தெரியாவிட்டால் தாளைத் திருப்பித் தள்ளிவிடுவார். “மேல எழுதினதெல்லாம் கதை. ஆளுங்க ஏறலாமா, கூடாதா? அதைச் சொல்லுங்க” என்பார்.

ஆள் மாட்டிக்கொண்ட லிப்டைத் திறப்பதற்கும் அவரிடம் ஒரு வரிசை உண்டு. இயந்திர அறையில் மின்சாரத்தை முதலில் நிறுத்த வேண்டும். அடுத்து லிப்ட் எந்த இரண்டு மாடிகளுக்கு நடுவே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு உள்ளே இருப்பவரிடம் பேச வேண்டும். அதற்குப் பின்தான் பிரேக்கைத் தளர்த்திக் கைச்சக்கரத்தைச் சுற்ற வேண்டும். கயிற்றில் தீட்டியிருக்கும் மஞ்சள் குறி இயந்திரத்தின் இரும்புச் சட்டத்துக்கு நேரே வரும்போது நிறுத்தினால் லிப்ட் மாடிக்குச் சமமாக நிற்கும். பேசுகிற படியை மட்டும் யாரும் தாண்டக் கூடாது. சொல்லாமல் அசைத்தால் உள்ளே இருப்பவர்கள் அறுந்து விழுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நான் பேசிய முதல் ஆள் ஒரு ஆன்டி. “ஆன்டி, இப்ப லிப்ட் மெதுவா கீழ இறங்கும், பயப்படாதீங்க” என்றேன். “பயம்லாம் இல்லம்மா. ரொட்டி சானாய் வாங்கி வெச்சிருக்கேன், ஆறிப் போகுது” என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

இனி செந்தூல் வழக்கு. என் விண்ணப்பம் இதைச் சுற்றித்தான் சுழன்றது.

செந்தூலில் ஒரு பழைய அடுக்குமாடி. இரண்டு லிப்டில் ஒன்று பல காலமாக ரோசாக், ஓடுவதே இல்லை. மற்றது திடீர் திடீரென்று வழியில் நின்றது. எங்கள் ஆட்கள் போய்ப் பார்க்கும்போது ஒழுங்காக ஓடும். திரும்பி வந்தால் நிற்கும். முதலில் போன ஊழியர் கவனமானவர். கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எழுதி வைத்தார். அதில் ஒரு வரி, ஒன்பதாம் மாடிக் கதவின் கீழ்ச்சட்டத்தில் சக்கரம் உரசிய கீறல் இருக்கிறது என்பது.

அடுக்குமாடியின் நிர்வாக அலுவலகம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் மாடியில் விஜயா என்ற அக்கா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். மாவு வாளிகளைத் தள்ளுவண்டியில் வைத்து லிப்டில் இறக்குவார். தள்ளுவண்டியால்தான் லிப்ட் கெடுகிறது, இனி அதை லிப்டில் ஏற்றக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். ஒன்பது மாடி மாவு வாளியோடு படியில் இறங்குவதென்றால் வியாபாரத்தை மூட வேண்டியதுதான்.

பழுதைக் கண்டுபிடிக்க என்னை அனுப்பினார்கள். நின்ற நாள்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். எல்லாமே மழை பெய்த சாயங்காலங்கள். அடுத்த மழைக்குக் காத்திருந்து, பிரவினோடு லிப்டின் கூரை மேல் ஏறி நின்று, மெதுவாக ஓட்டும் முறையில் மாடி மாடியாக இறங்கினேன். ஐந்தாம் மாடியில் காற்று வரத் துளைவிட்ட காற்றுக்கல் உடைந்திருந்த ஒரு சுவர் வழியாகச் சாரல் உள்ளே வந்து, கதவின் மேல் வழிந்து, பூட்டின் மின்தொடுப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. தொடுப்பு பச்சை பூத்துப் போயிருந்தது. எல்லா மாடிக் கதவுகளின் பூட்டும் ஒரே மின்சுற்றில் கோர்த்திருக்கும். தீபாவளிக்கு வாசலில் தொங்கவிடும் பழைய சர விளக்கு மாதிரி. ஒன்று போனால் எல்லாம் போகும்; லிப்ட் எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கும். தொடுப்பை மாற்றி, மேலே ஒரு மூடி போட்டேன். அறிக்கையில் ஐந்தாம் மாடி, நீர்க்கசிவு, சரிசெய்யப்பட்டது, லிப்ட் ஓடுகிறது என்று எழுதினேன். போஸ் கடைசி வரியைப் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

ஆனால் அறிவிப்பு சுவரிலேயே இருந்தது. நிர்வாக அதிகாரி எதையும் மறைக்கவில்லை, என் அறிக்கையை அவர் படிக்கவில்லை, அவ்வளவுதான். விஜயா அக்கா அடுக்குமாடித் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போனார். அங்கே பெரும்பாலும் வழக்கறிஞர்கள் கிடையாது. அவரவர் வழக்கை அவரவரே பேச வேண்டும். நிர்வாகம் என்னைத் தொழில்நுட்பச் சாட்சியாக அழைத்தது. போகும் முன் கம்பெனியில் எல்லோருக்கும் சொல்வதையே எனக்கும் சொன்னார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். கேட்காததைப் பேசாதே.

நிர்வாக அதிகாரி என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். கீழ்ச்சட்டத்தில் கீறல் உண்டா? உண்டு. சக்கரத்தால் வந்ததா? ஆமாம். கீறல் கூடக் கூட அந்தக் கீழ்ச்சட்டம் பாதிக்கப்படுமா? பாதிக்கப்படும். மூன்றும் உண்மை. மூன்றையும் சொல்லி முடித்தபோது விஜயா அக்கா தோற்றுக்கொண்டிருந்தார். பிறகு ஐந்தாம் மாடியைப் பற்றி நான் விளக்கினேன், சர விளக்கு உதாரணம் சொன்னேன், தீர்ப்பாயத் தலைவர் சிரித்தார், தடையை நீக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அன்று தீர்ப்பாயத்திலிருந்து வெளியே வந்தபோதே சட்டம் படிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

என் நினைவில் அந்த நாள் இப்படித்தான் இருந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டதாரிகளைச் சேர்க்கும் சட்டப் படிப்பு ஒன்றுக்கு முதல் வருடம் விண்ணப்பித்தேன். தன்விளக்கக் கட்டுரையை யாரிடமும் காட்டவில்லை. கிடைக்கவில்லை. இரண்டாம் வருடம் விண்ணப்பம் திறந்தபோது டெங்கில் பக்கம் ஒரு பெரிய கட்டட வேலை கம்பெனிக்கு வந்தது. திட்டப் பொறியாளர் பதவியை எனக்காக வைத்திருப்பதாக போஸ் சொன்னார். போனால் நான்கைந்து வருடம் அசைய முடியாது. இந்த முறையும் சட்டம் கிடைக்காவிட்டால் டெங்கில், மூன்றாம் முறை விண்ணப்பிப்பதில்லை என்று தீர்மானித்தேன். ஆகவே இந்த முறை கருத்து கேட்பது என்று முடிவு செய்து, யார் யாரிடம் கேட்பது என்று பட்டியல் போட்டேன். பட்டியலில் இரண்டே பேர்.

முதல் ஆள் ஹேமா. என் பள்ளித் தோழி, வழக்கறிஞர். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் அவள் அலுவலகம். முந்தைய வருடக் கட்டுரையை நீட்டினேன். படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

“ஏன்டி, இது சட்டப் படிப்புக்கா, லிப்ட் டெண்டருக்கா?”

“ஏன்? எல்லாம் வரிசையாத்தானே இருக்கு.”

“அதான் பிரச்சினை. ‘பின்னணி. சிக்கல். காரணம். நடவடிக்கை.’ உனக்குக் காய்ச்சல் வந்தாலும் இப்படித்தான் டாக்டர்கிட்ட சொல்லுவியா?”

அப்படித்தான் சொல்வேன்.

“அந்த மாவு விக்கிற அக்காவை வெச்சு ஆரம்பி. படியில வாளியோட நிக்கிறாங்க, கண்ணுல தண்ணி. நீ வர்ற. குழுவுல இருக்கிறவங்க நூத்துக்கணக்குல படிப்பாங்கடி, ரெண்டாவது வரியிலயே பிடிக்கணும்.”

வீட்டுக்குப் போய் எழுதினேன். ஹேமா சொன்னது போலவே வந்தது. சட்டம் அறியாத ஏழைப் பெண், குடும்பத்தின் ஒரே வருமானம், கண்ணீர், அவருக்காக எழுந்து பேசிய பொறியாளர். கடைசி வரி: ‘குரலற்றவர்களின் குரலாக ஒலிப்பதே என் இலட்சியம்.’ ஹேமாவுக்கு அனுப்பினேன். “இதுதான்டி” என்று பதில் வந்தது. கூடவே மூன்று கைதட்டல்.

இரண்டாவது ஆள் போஸ். என்னை டெங்கிலுக்கு அனுப்ப நினைப்பவரிடமே, நான் போகாமல் இருப்பதற்கான கட்டுரையைக் கொடுப்பது நியாயமா என்று யோசித்தேன். ஆனால் எனக்குத் தெரிந்தவர்களில் ஒரு தாளை அவரளவுக்குக் கவனமாகப் படிப்பவர் இல்லை. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல, கடைசி வரியை முதலில் படித்தார்.

“குரலற்றவர்களின் குரலாக,” என்று சத்தமாகப் படித்தார். “சரி. லிப்ட் ஓடுதா?”

“போஸ், இது பணி அறிக்கை இல்ல.”

“தெரியுது. அந்தம்மா இப்ப தள்ளுவண்டியை லிப்டுல கொண்டு போறாங்களா, இல்லையா?”

எனக்குத் தெரியவில்லை. தீர்ப்புக்குப் பிறகு அந்தக் கட்டடம் வேறு குழுவுக்குப் போய்விட்டது. நான் திரும்பிப் போகவேயில்லை.

போஸ் இப்போது மேலிருந்து படித்தார். முழுவதும் படித்து முடித்து, தாளைத் திருப்பித் தள்ளினார்.

“இங்கிலீஷ் நல்லா இருக்கு தர்ஷினி. ஆனா ஒரு சைட்ல எடுத்த படத்தை வெளிய காட்டணும்னா நாம என்ன செய்வோம்?”

“கட்டடக்காரங்ககிட்ட அனுமதி வாங்குவோம்.”

“இதுல ஒரு ஆளோட படமே இருக்கு. வாங்கிட்டீங்களா?”

கட்டுரை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. டெங்கிலைப் பற்றியும் பேசவில்லை.

மறுநாள் செந்தூலுக்குப் போனேன். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அனுமதி வாங்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். லிப்ட் ஓடியது. ஐந்தாம் மாடியைத் தாண்டும்போது நான் போட்ட மூடியின் சத்தம் வித்தியாசமாகக் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டேன். ஒன்றுமில்லை.

விஜயா அக்கா கதவைத் திறந்தார். நாற்பதை ஒட்டிய வயது, மாவு படிந்த கை, காதில் புளூடூத். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“ஐயோ, லிப்ட் மிஸ். வாங்க, வாங்க. எங்க, திரும்ப நிக்குதா?”

“இல்லக்கா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

கூடத்தில் அவர் கணவர் பனியனோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். லோரி ஓட்டுகிறவர், அன்று விடுப்பு. அவரைப் பார்த்ததும் எனக்கு ‘குடும்பத்தின் ஒரே வருமானம்’ என்ற வரி ஞாபகம் வந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். கிரைண்டரை நிறுத்தினார், கையைக் கழுவினார், எதிரே உட்கார்ந்தார். “படிங்க, கேப்போம்.” ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். படிக்கட்டில் வாளியோடு நின்று அழுத இடத்தில் அக்கா கையைத் தூக்கினார்.

“நான் எங்க தங்கச்சி அழுதேன்?”

“அது… கஷ்டமா இருந்திருக்கும்னு…”

“கஷ்டம் இல்ல. கோவம். அந்த அறிவிப்பைக் கிழிச்சிட்டேன்ல? திரும்ப ஒட்டினாங்க, திரும்பக் கிழிச்சேன். மேல படிங்க.”

ஒரே வருமானம் வந்தது. அண்ணன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“அப்ப நான் யாரு?”

“மன்னிச்சிருங்கண்ணே.”

“பரவால்ல, படிங்க. அடுத்த பக்கத்துல உசுரோட இருக்கேனான்னு பாப்போம்.”

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கட்டுரைக்கு வேண்டிய கண்ணீர் அப்போதுதான் வந்தது. பிறகு தீர்ப்பாயக் காட்சி. ‘அந்தப் பெண்ணுக்காக நான் எழுந்து பேசினேன்’ என்ற வரியை மொழிபெயர்த்ததும் சிரிப்பு நின்றது. கோபமில்லை. புரியாத மாதிரி பார்த்தார்.

“நீங்க அந்தப் பக்கம்தானே உக்காந்திருந்தீங்க?”

“ஆமாக்கா. நிர்வாகத்தோட சாட்சி.”

“ஆங். அந்த ஆள் மூணு கேள்வி கேட்டாரு. மூணுக்கும் ஆமா ஆமான்னு சொன்னீங்க. நான் உங்களைப் பாத்துக்கிட்டே இருந்தேன். வாய் வரைக்கும் என்னமோ வந்து நிக்குது உங்களுக்கு. முகத்துலயே தெரிஞ்சிது. அப்புறம் தலைவர் என்னைப் பாத்து, சாட்சிகிட்ட ஏதாவது கேக்கணுமான்னாரு. நான் என்ன கேட்டேன்?”

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. அந்த அறை, குளிர்சாதனத்தின் கீழ் என் நாற்காலி, எதிரே எழுந்து நின்ற அக்கா.

“கீறல் எத்தனாவது மாடிக் கதவுலன்னு கேட்டீங்க.”

“ஒம்பதுன்னீங்க. அப்புறம்?”

“கெட்டுப் போனது எத்தனாவது மாடிக் கதவுலன்னு கேட்டீங்க.”

“அஞ்சுன்னீங்க. அதுக்கப்புறம்தான் அந்தத் தீபாவளி லைட்டுக் கதையெல்லாம். நிறுத்தவே இல்ல நீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா முதல்ல கேட்டது யாரு?”

அவருக்கு அந்தக் கேள்விகள் எப்படித் தோன்றின என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன் ஒரு தொலைபேசிக் கம்பெனியில் புகார் எடுக்கும் வேலை பார்த்தாராம். “ஆளுங்க கத்துவாங்க, அழுவாங்க, எங்கப்பா யாரு தெரியுமான்னு கேப்பாங்க. நான் எங்க, எப்போ, இது ரெண்டை மட்டும் விடாம கேப்பேன். மத்ததெல்லாம் தானா வரும்.”

பத்து நிமிடத்துக்கு வந்தவள் இரண்டு தோசையும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். பெயரைப் போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்தார். நிபந்தனை ஒன்று: அழ வைக்கக் கூடாது. அண்ணனும் ஒரு நிபந்தனை வைத்தார்: லோரியையும் சேர்க்க வேண்டும்.

செந்தூல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்து மூன்றாவது வரைவை எழுதினேன். எழுத எழுத, நான் ஏன் சட்டம் படிக்க விரும்பினேன் என்பதே வேறாக இருந்தது. நான் நன்றாக விளக்கினேன் என்பதால் அன்று அந்த ஆசை வரவில்லை. பதில் முழுவதும் என் கையில் இருந்தும், கேட்கப்படாத வரை அதற்கு எந்த மதிப்பும் இல்லாமல் இருந்தது. இரண்டு சரியான கேள்விகள் வந்ததும் எனக்கு மூச்சு வந்தது. அறிந்தவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள், கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு, கேள்வி கேட்கும் அந்த இன்னொரு நாற்காலியில் உட்கார நான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதினேன். நான் எதிர்ப்பக்கச் சாட்சி என்பதையும், கேள்விகள் விஜயா அக்காவுடையவை என்பதையும் அப்படியே எழுதினேன். லோரிக்கு அரை வரி கொடுத்தேன்.

ஹேமாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“உனக்குப் பைத்தியமா? நல்லா இருந்ததைக் கெடுத்துட்டு வந்திருக்க.”

“நடந்தது இதுதான்.”

“நடந்தது இதுதான், சரி. ஆனா இதுல ஹீரோ அந்த அக்காடி. நீ வாயைத் திறக்காம உக்காந்திருந்த ஆளு. அவங்க உன்னைத்தானே எடுக்கணும்?”

அவள் சொன்னதில் தவறு இல்லை. ஒரு கட்டுரையைப் படிக்கும்போது அவள் எந்த ஆளைத் தேடுவாளோ அந்த ஆளைத்தான் குழுவும் தேடும் என்பது அவள் எண்ணம். இரண்டு வரைவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாதக பாதகங்களை எழுதினேன். இரண்டாவதில், அதாவது கண்ணீர் வரைவில், சாதகங்கள் நீளமாக இருந்தன. பாதகம் ஒன்றே ஒன்று: அதை நான் விஜயா அக்கா வீட்டுக் கூடத்தில் படித்துவிட்டேன். அந்தக் கூடத்தில் நிற்காததை வேறெங்கும் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவதை அனுப்பினேன். கடைசி வரி, தடை நீங்கிய பிறகு விஜயா அக்காவின் தள்ளுவண்டி தினமும் லிப்டில் இறங்குகிறது என்பது. அதை போஸுக்காகவே எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. முந்தைய வருடம் அதுகூட வரவில்லை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் வழக்கமானவற்றைக் கேட்டார்கள்: வேலையை விட்டால் செலவுக்கு என்ன செய்வீர்கள், இந்த வயதில் மறுபடி படிக்க முடியுமா. நடுவில் இருந்த பேராசிரியர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு சீன அம்மா, என் கட்டுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதில் கேள்வி கேட்டவர் நீங்கள் இல்லை. அவரை விட்டுவிட்டு உங்களை நாங்கள் ஏன் எடுக்க வேண்டும்?”

ஹேமாவின் குரல் காதில் கேட்டது.

“அவர் விண்ணப்பித்திருந்தால் அவரையும் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

மற்ற இருவரும் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை, காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு எனக்குத் தெரிந்ததுதான். அக்கா செந்தூல் கூடத்தில் ‘அப்புறம்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தது மாதிரி. எனவே மேலே சொன்னேன்.

“அது அவருடைய சொந்தப் பிரச்சினை. அதனால் எங்கே கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. அடுத்த வீட்டுக்காரரின் பிரச்சினைக்கும் அதேபோல் கேட்க வேண்டுமென்றால், அதை யாராவது கற்றுத்தர வேண்டும். எனக்கு லிப்ட் தெரியும். சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து, தெரிந்ததைச் சொல்ல முடியாமல் இருப்பது எப்படி என்பதும் தெரியும். எதிரே அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால் நான் கண்டுகொள்வேன் என்று நினைக்கிறேன்.”

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு ஏதோ எழுதினார். நன்றி, நீங்கள் போகலாம் என்றார்கள். எழுந்து வரும்போது டெங்கிலில் வீடு பார்க்க வேண்டுமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இடம் கிடைத்தது. போஸிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது டெங்கிலுக்கு யார் என்பதுதான். பிரவின் என்றேன். யோசித்தார். “அவன் அறிக்கையில கடைசி வரியே இருக்காதே” என்றார். நான் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்றேன். சரி என்றார். அப்புறம் கைகுலுக்கினார், கொஞ்ச நேரம் விடாமல். ஹேமா போனில் கத்தினாள், பிறகு, “சரி, என் பேச்சைக் கேட்காதது நல்லதாப் போச்சு, சாப்பாடு நீதான் வாங்கித் தரணும்” என்றாள்.

ஆகவே பிரவின், உன் கட்டுரைக்கு என் கருத்து இதுதான். எழுத்தில் எந்தத் தவறும் இல்லை. அதில் வரும் உன் பழைய ஆசிரியரும், டெங்கில் சைட் அண்ணனும் அதைப் படித்தார்களா? அவர்களிடம் படித்துக் காட்டிவிட்டு எனக்கு மறுபடியும் அனுப்பு. அவர்கள் எந்த இடத்தில் கையைத் தூக்கினார்கள் என்பதையும் எழுது.

விஜயா அக்காவுக்குச் செய்தி சொல்ல நேரே போகாமல் போன் செய்தேன். கிரைண்டர் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்றார். சொன்னேன்: உங்களை விட்டுவிட்டு என்னை ஏன் எடுக்க வேண்டும் என்று ஒரு பேராசிரியர் அம்மா கேட்டார்.

கிரைண்டர் நின்றது.

“அந்தம்மா நல்லாத்தான் கேட்டிருக்காங்க,” என்றார் அக்கா. பின்னால் அண்ணன் என்ன விஷயம் என்று கேட்பதும், “சும்மா இருங்க, பேசிக்கிட்டிருக்கேன்ல” என்று அக்கா அடக்குவதும் கேட்டது.

“தங்கச்சி, அந்தப் படிப்பு பார்ட் டைம்ல இருக்கா?”

இருக்கிறது என்றேன்.

“எங்க? எப்போ ஆரம்பிக்கிறாங்க?”